நடனத்தை விட்டுவிட்டு ஊஞ்சலைப் பாராட்டியவர்கள்

ஒரு சின்னச் சோதனை. நடனக் கலைஞர் சந்திரலேகாவையும் அவருடைய குழுவையும் பாராட்டி வந்த ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அவர் பெயரை அடித்துவிடுங்கள். வெள்ளை முடி, நெற்றி நிறையப் பொட்டு, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையோரத்து வீடு, வீட்டுக்குள் ஊஞ்சல், இவற்றையும் அடித்துவிடுங்கள். மிச்சம் என்ன இருக்கிறது? 'துணிச்சல்', 'புரட்சி', 'மரபை மீறியவர்', 'உடலின் மொழி', 'பெண் சக்தி'. பெரும்பாலான கட்டுரைகளில் அவ்வளவுதான் மிஞ்சும்.

மேடையில் என்ன நடந்தது? எத்தனை பேர் ஆடினார்கள்? நின்று ஆடினார்களா, தரையில் கிடந்து ஆடினார்களா? யார் பாடினார்கள்? கை எங்கே போயிற்று, கால் எங்கே போயிற்று? மூச். அந்தப் பாராட்டை அப்படியே வெட்டி வேறொரு குழுவின் பெயருக்குக் கீழே ஒட்டினாலும் கச்சிதமாகப் பொருந்தும். ஒரு பெண் கவிஞருக்கோ பெண் விமானிக்கோ கூடப் பொருந்தும் :-)

இந்தியாவில் நவீன நடனம் என்ற பேச்சு எழுந்தால் முதல் வரிசையில் வைக்க வேண்டிய ஒரு குழுவுக்கு இதுதான் நடந்தது. அந்தக் குழு திட்டும் வாங்கியது, பாராட்டும் வாங்கியது. அதிகம் சேதம் செய்தது எது என்று கேட்டால், பாராட்டுதான்.

பெயர் மட்டும் கேள்விப்பட்டவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. சந்திரலேகா 1928-இல் மகாராஷ்டிரத்தில் பிறந்தவர். சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்றார். 1952-இல் அரங்கேற்றம். அறுபதுகளில் மேடையை விட்டு விலகி எழுத்து, போஸ்டர், வடிவமைப்பு, பெண்கள் இயக்கம் என்று போய்விட்டார். 1984-இல் பம்பாயில் நடந்த கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பில் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டே 'அங்கிகா'. பிறகு 'லீலாவதி' (1989), 'பிராணா' (1990), 'ஸ்ரீ' (1991), 'யந்த்ரா' (1994), 'மகாகால்' (1995), 'ராகா' (1998), 'ஸ்லோகா' (1999), கடைசியாக 'சரீரா' (2001). 2006 டிசம்பர் 30-ஆம் தேதி காலமானார். சங்கீத நாடக அகாதெமி விருது, 2004-இல் அதன் மிக உயர்ந்த கௌரவமான ஃபெல்லோஷிப். அங்கீகாரத்துக்கு ஒரு குறையும் இல்லை என்பது தெரிகிறதல்லவா? கவனிப்புக்குத்தான் குறை.

எல்லாப் பாராட்டுகளிலும் தவறாமல் வரும் ஒரு சம்பவம் உண்டு. அவருடைய அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. யமுனையின் தண்ணீர்ச் செழிப்பை அபிநயத்தில் காட்டிக்கொண்டிருந்தபோது, வெடித்துக் கிடக்கும் வறண்ட நிலம் மனதில் வந்துவிட்டது. கலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே இருக்கும் பள்ளம் அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது. அருமையான சம்பவம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எழுதுபவர்கள் இங்கே நிறுத்திவிட்டு நேராக 'புரட்சி'க்குத் தாவிவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. வறட்சி அவ்வளவு உறுத்தியதென்றால் அவர் வறட்சியைப் பற்றி ஒரு நாட்டிய நாடகம் போட்டிருக்கலாமே? காய்ந்த வயல், அழும் விவசாயி, முடிவில் மழை. சபாக்காரர்கள் மனமுருகிக் கைதட்டியிருப்பார்கள். அவர் அதைச் செய்யவில்லை. கதை சொல்லும் முகத்தையே எடுத்துவிட்டார்.

இதைப் புரிந்துகொள்ள 'அங்கிகா' என்ற தலைப்பே போதும். பரதம் படிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட நான்கு அபிநயங்கள் தெரியும்: உடலால் ஆவது ஆங்கிகம், சொல்லும் பாட்டும் வாசிகம், உடையும் நகையும் ஆஹார்யம், உள்ளத்து உணர்வு சாத்விகம். நான்கில் ஒன்றை மட்டும் தலைப்பாக எடுத்து வைக்கும் ஒருவர், மற்ற மூன்றை எங்கே வைத்தார் என்று பார்க்க வேண்டாமா? கோயில் நகையும் தலைச்சாமானும் போயின. சாமியை நோக்கி ஏங்கும் நாயகி போனாள். அடவு மிஞ்சியது. அடவுக்குப் பக்கத்திலேயே யோகாசனமும் களரிப்பயிற்றும் வந்து நின்றன.

களரி ஏன் வந்தது? 'பாரம்பரியக் கலைகளின் சங்கமம்' என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். சங்கமம் என்பது நம்மூர் விமர்சனத்தில் இரண்டு விஷயங்கள் ஏன் பக்கத்தில் வந்தன என்று யோசிக்காதவர்கள் போடும் சொல். கொஞ்சம் பார்த்தால் விஷயம் மிக எளிது. பரதத்தில் அரைமண்டி: முழங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிய, முதுகு நிமிர்ந்திருக்க, உடலின் எடை கீழே இறங்குகிறது. களரியில் யானை, குதிரை, சிங்கம், பாம்பு என்று வடிவுகள் உண்டு. அவற்றிலும் இடுப்பு தாழ்கிறது, எடை தரைக்குப் போகிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்று: தரையை விட்டுத் தாவிப் பறக்க ஆசைப்படாத உடல். மேற்கத்திய பாலே நேர் எதிர்த்திசையில் போவது. சந்திரலேகா பிடித்துக்கொண்டது இந்த எடையை. நளினம் என்று பழக்கப்பட்ட அரைமண்டி, சண்டைக்காரனின் நிலைக்குப் பக்கத்தில் வந்து நின்றவுடன் அதுவும் ஒரு தயார் நிலைதான் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. நடனம் பேசத் தொடங்கும் இடம் அது. பாராட்டியவர்களில் எத்தனை பேர் இதைச் சொன்னார்கள்?

'லீலாவதி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியர் எழுதிய கணித நூல் அதன் அடிப்படை. அந்த நூலில் ஒரு கணக்கு இருக்கிறது: தேனீக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு பூவுக்குப் போகிறது, மூன்றில் ஒரு பங்கு இன்னொரு பூவுக்கு. இவ்விரண்டின் வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு வேறொரு பூவுக்கு. ஒரே ஒரு தேனீ மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் அந்தரத்தில் சுற்றுகிறது. மொத்தம் எத்தனை? (பதினைந்து. போட்டுப் பாருங்கள்.) இப்படிப்பட்ட நூலை ஒருவர் நடனமாக்கினால், பார்வையாளனுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும்: ஐந்தில் ஒன்றும் மூன்றில் ஒன்றும் உடலில் எப்படி வந்தன? தாளத்திலா, ஆடுபவர்களின் எண்ணிக்கையிலா, மேடையில் அவர்கள் நின்ற இடைவெளியிலா? அடவே ஒரு கணக்குதானே, மூன்று காலத்தில் செய்வது வகுத்தல் பெருக்கல்தானே? 'கணிதத்தையும் நடனத்தையும் இணைத்த புதுமையான முயற்சி' என்ற ஒரு வரி இத்தனை கேள்வியையும் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுகிறது.

'சரீரா'வுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசை. ஒரு பெண், ஓர் ஆண். பெண்ணாக முதலில் பத்மினி செட்டூர், பிறகு கவிஞர் திஷானி தோஷி. ஆண், களரி கற்ற ஷாஜி ஜான். தரையோடு இருக்கும் பெண்ணின் உடல், அவசரமே இல்லாமல், கால்களை ஒரு முக்கோணமாகத் திறக்கிறது. இதை எழுத வேண்டிய இடத்தில் விமர்சகர்களுக்குக் கூச்சம் வந்துவிட்டது. கூச்சத்தை மறைக்க 'துணிச்சல்' என்ற சொல்லை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். துணிச்சல் என்றால் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

அந்த மெதுவைப் பற்றியாவது யாராவது எழுதியிருக்கலாம். வேகமாக ஆடும்போது உடலுக்கு ஒரு சலுகை உண்டு: முந்தைய அசைவின் விசை அடுத்த அசைவைத் தள்ளிக்கொண்டு போகும். சறுக்கினாலும் தெரியாது, அடுத்த ஜதி வந்து மூடிவிடும். மெதுவாகச் செய்யும்போது அந்தத் தள்ளல் கிடையாது. காலைத் தூக்கும் வழியில் ஒவ்வொரு இடத்திலும் தசைதான் எடையைத் தாங்க வேண்டும். தொடை நடுங்கும், மூச்சு கேட்கும். சந்தேகமிருந்தால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு கீழே இறக்கிப் பாருங்கள். பிறகு ஒரு முழு நிகழ்ச்சியை அந்த வேகத்தில் யோசித்துக்கொள்ளுங்கள். மெதுவுக்குப் பின்னால் இருக்கும் வருடக்கணக்கான பயிற்சியைச் சொல்லாமல் 'தியானம் போன்ற அனுபவம்' என்று எழுதுவது, மரமேறிக் கள் இறக்கியவனை விட்டுவிட்டுத் தென்றலுக்கு நன்றி சொல்வது போன்றது.

இங்கே ஒரு வாதம் வரும். அவரைத் திட்டியவர்கள் கொஞ்சமா? 'இது பரதமே இல்லை' என்றவர்கள் கொஞ்சமா? அப்படிப்பட்ட சூழலில் ஆதரவாக நாலு வார்த்தை எழுதியவர்களைப் போய்க் குறை சொல்லலாமா? கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பாருங்கள், 'இது பரதமே இல்லை' என்றவராவது ஒரு கேள்வியை வைத்தார். எது பரதம், எது இல்லை, எங்கே கோடு? அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு பாராட்டியவர்களுடையது. அரைமண்டி இருக்கிறது, அடவு இருக்கிறது, நேர்கோடும் வட்டமும் முக்கோணமுமாக உடலை வைக்கும் அந்த வடிவியல் முழுசாக இருக்கிறது, அப்படியானால் எது போயிற்று என்று வரிசையாக எடுத்து வைத்திருக்கலாம். அதைச் செய்யாமல் எதிர்த்தரப்பைப் 'பழமைவாதி' என்று சொல்லிவிட்டு ஊஞ்சலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

1994 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு சண்டை நடந்தது. பில் டி. ஜோன்ஸ் என்ற நடன அமைப்பாளர், உயிர்க்கொல்லி நோய் உள்ளவர்களோடு பட்டறைகள் நடத்தி, அதிலிருந்து 'ஸ்டில்/ஹியர்' என்ற படைப்பை உருவாக்கினார். நியூ யார்க்கர் பத்திரிகையின் விமர்சகர் ஆர்லீன் க்ரோச்சி அதைப் பார்க்கப் போகவில்லை. பார்க்க மாட்டேன் என்பதையே காரணங்களோடு ஒரு கட்டுரையாக எழுதினார். நோயாளிகளைக் காட்டி அனுதாபம் கேட்கும் கலையை விமர்சிக்க முடியாது என்பது அவர் கட்சி. பார்க்காத ஒன்றைப் பற்றி எழுதலாமா என்று பெரிய கூச்சல், ரொம்ப நாள் அடங்கவில்லை. கூச்சல் போட்டது சரியே. ஆனால் பார்க்காமல் திட்டினால் இத்தனை ரகளை, பார்க்காமல் பாராட்டினால் ஒரு பேச்சு மூச்சில்லை. அரங்கத்தில் உட்கார்ந்துகொண்டே பார்க்காமல் இருக்க முடியும். கையில் நிகழ்ச்சிக் குறிப்புத் தாள் இருந்தால் போதும். யந்திரம், பிந்து, சக்தி, பிரபஞ்சம் எல்லாம் அதிலேயே அச்சாகியிருக்கும்.

பாராட்டு என்றால் குறை சொல்லக்கூடாது என்ற எண்ணமும் இதோடு சேர்ந்தது. சந்திரலேகாவிடம் கேட்க வேண்டியவை இருந்தன. பரதத்திலிருந்து சாமியை வெளியே அனுப்பியவர், தந்திர மரபின் வழியாக அம்மனை உள்ளே அழைத்து வந்தாரா இல்லையா? 'யந்த்ரா'வுக்குப் பின்னால் இருப்பது சௌந்தர்யலஹரி. முக்கோணம் வெறும் முக்கோணமாக இருக்கும் வரை அது உடலின் வடிவியல். சக்தியின் சின்னம் என்று குறிப்புத் தாள் சொன்னவுடன் பார்வையாளன் மறுபடியும் கும்பிடத் தொடங்கிவிடுகிறான். இது சின்ன முரண் இல்லை. இதை வைத்துப் பத்து வருடம் சண்டை போட்டிருக்கலாம், குழுவுக்கும் அது நல்லது செய்திருக்கும். மாறாக 'ஸ்ரீ'யில் பெண்கள் முதுகு வளைந்து, ஒடிந்தவர்கள் போல மேடையைக் கடந்து போகும் பகுதியைப் பாருங்கள். அதற்கு எந்தச் சின்ன விளக்கமும் வேண்டாம். நிமிர்ந்த முதுகுதான் பரதத்தின் இலக்கணம் என்று தெரிந்தவர்களுக்கு அந்த வளைந்த முதுகு செய்வது முழுவதும் புரியும். எது பலம், எது சுமை என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் விமர்சகர்.

இன்னொரு பெரிய பொய்யும் பாராட்டுக்குள் ஒளிந்துகொண்டு வந்துவிட்டது. 'மேடைக்கு முதன்முதலாகச் சிருங்காரத்தைக் கொண்டு வந்தவர்' என்கிற ரீதியில் எழுதுகிறார்கள். முதன்முதலாகவா? சிருங்காரம் இந்த ஆட்டத்தின் வீட்டுச் சொத்து. சதிர் ஆடிய இசை வேளாளர் குடும்பத்துப் பெண்களிடம் அது தலைமுறை தலைமுறையாக இருந்தது. 'தூய்மைப்படுத்துகிறோம்' என்று வந்தவர்கள்தான் அதைத் தேய்த்துக் கழுவினார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டத்தின் நியாயம் தனி விவாதம். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் மேடையிலிருந்தும் காணாமல் போனார்கள் என்பது நடந்தது. சிருங்காரத்தைக் கழுவாதீர்கள் என்று கடைசி வரை வாதாடிய பாலசரஸ்வதி 1984 பிப்ரவரியில் காலமானார். சந்திரலேகா மேடைக்குத் திரும்பிய அதே ஆண்டு. 'முதன்முதலாக' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் பாலசரஸ்வதியும் அவருக்கு முன்னால் இருந்தவர்களும் இன்னொரு தடவை அழிக்கப்படுகிறார்கள். தன் குரு எல்லப்ப பிள்ளை நட்டுவனார் மரபில் வந்தவர் என்பதைச் சந்திரலேகா மறைத்ததில்லை. பாராட்டியவர்களுக்குத்தான் அது ஞாபகம் வரவில்லை.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ருஸ்தம் பரூச்சா 1995-இல் சந்திரலேகாவைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். படைப்பு படைப்பாக எடுத்து, என்ன நடக்கிறது என்று விவரித்து, ஒத்துப்போகாத இடத்தில் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் புத்தகம். பாராட்டு என்றால் அது. ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் இப்படி எழுதும் பழக்கமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய ஆடல் பாடல் விமர்சனங்களில் கிண்டல் இருக்கும், கட்சி இருக்கும். ஆனால் அவர் கச்சேரிக்குப் போனார், காதைத் திறந்து வைத்திருந்தார் என்பது வரிக்கு வரி தெரியும். சுப்புடு வம்புக்காரர்தான். திட்டும்போதுகூட எந்த இடத்தில் சுருதி விலகியது என்று சொல்லித் திட்டுவார். இந்த ஊரில் அந்தக் காதும் கண்ணும் நவீன நடனத்தின் பக்கம் திரும்பவில்லை.

விமர்சனம் எப்படி இருந்தால் என்ன, ஆட்டம் நன்றாக இருந்தால் போதாதா என்றால், போதாது. புத்தகம் அலமாரியில் இருக்கும், படம் சுருளில் இருக்கும். நடனம் ஆடியவர்களின் உடம்பில் மட்டும் இருக்கிறது, உடம்புக்கு வயதாகிறது. மெர்ஸ் கன்னிங்ஹாம் இதை யோசித்தார். 2009-இல் அவர் இறப்பதற்கு முன்பே திட்டம் தயாரானது: குழு கடைசியாக ஓர் உலகச் சுற்று போகும், பிறகு மூடிவிடும். 2011 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கில் கடைசி ஆட்டம். படைப்புகளுக்கு வீடியோ, ஒளியமைப்பு வரைபடம், உடைக் குறிப்பு, ஒத்திகைக் குறிப்பு எல்லாம் தொகுத்து வைத்தார்கள், நாளைக்கு வேறொருவர் எடுத்து ஆட. அந்த அளவு பணமும் ஆளும் இங்கே எந்த நடனக் குழுவுக்கும் கிடைப்பதில்லை. பணம் இல்லாத ஊரில் நல்ல விமர்சனம்தான் ஏழையின் ஆவணம். அதிலும் 'துணிச்சல்' என்று எழுதி வைத்தால் எதை வைத்து எவர் மறுபடி ஆடுவது?

இந்தப் பழக்கம் சந்திரலேகாவோடு போய்விடவும் இல்லை. பத்து வருடத்துக்கு மேல் அவரிடம் ஆடிய பத்மினி செட்டூர், பிறகு சொந்தமாகக் குழு அமைத்து 'பேப்பர்டால்', 'புஷ்ட்', 'பியூட்டிஃபுல் திங்' என்று தன் வழியில் போனார். குருவின் யந்திரமும் சக்தியும் அதில் இல்லை. உடல் இருக்கிறது, இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. எவ்வளவு பெரிய மறுப்பு அது! இவருக்குக் கிடைத்த பாராட்டு எப்படித் தொடங்கும் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை: 'சந்திரலேகாவின் வாரிசு'. முடிவது 'மினிமலிசம்' என்ற ஒற்றைச் சொல்லில். எதைக் குறைத்தார், ஏன் குறைத்தார், குறைத்த பிறகு எது கூடுதலாகத் தெரிந்தது என்று கேட்பாரில்லை.

'அங்கிகா'வை 1985-இல் இருபது, முப்பது வயதில் பார்த்தவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டி இருக்கிறார்கள். சென்னையில், மும்பையில், டெல்லியில் யார் வீட்டிலாவது ஒரு அத்தையோ மாமாவோ பார்த்திருக்கக்கூடும். அவர்களிடம் போய் 'எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'பிரமாதம்' என்பார்கள், விஷயம் முடிந்துவிடும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், முதலில் யார் உட்கார்ந்தார்கள், எவ்வளவு நேரம் அப்படியே இருந்தார்கள் என்று கேளுங்கள். பாதி மறந்திருக்கும். மீதியைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.